உப்புக் காற்றில் கார் சீட்: வடசென்னைக்காரர்களுக்குச் சில குறிப்புகள்

நானும் என் தங்கையும் ஒரே வருடம் கார் வாங்கினோம். அவள் தாம்பரத்தில் இருக்கிறாள், நான் திருவொற்றியூர் தேரடிப் பக்கம். ஐந்து வருடம் கழித்து அவள் காரில் சீட் இன்னும் பளிச்சென்று இருந்தது. என் காரிலோ டிரைவர் சீட் ஓரத்தில் ரெக்சின் வெடித்து, சீட்டை முன்னே தள்ளினால் ரெயில் 'கிறீச்' என்று கத்தும். துடைப்பதில் நான் அவளுக்குக் குறைந்தவள் இல்லை. காற்று வேறு, அவ்வளவுதான்.

நம் பக்கம் சீட்டில் படிவது வெறும் தெருப்புழுதி கிடையாது. கடல் உப்பு, அனல்மின் நிலையச் சாம்பல், நிலக்கரித் தூள், எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளின் டீசல் கரி, காசிமேட்டு மீன் தண்ணீர், ஷிப்ட் முடிந்து ஏறுபவரின் வியர்வை எல்லாம் சேர்ந்து படிகிறது. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றைக் கெடுத்துவிடும். ராயபுரம் கல்மண்டபம் பக்கம் சின்னக் குஷன் கடை வைத்திருக்கும் ஒரு பாய் பல வருடமாக எனக்குச் சொல்லிக் கொடுத்ததும், நானே சீட்டைக் கெடுத்துக் கற்றுக்கொண்டதும் இவை.

1. முதலில் உலர் சுத்தம். ஈரத்துணியை அப்புறம் எடுங்கள். அனல்மின் சாம்பலைத் தொட்டால் முகப்பவுடர் மாதிரி மிருதுவாக இருக்கும். உண்மையில் அவை கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி மணிகள். சிமென்டில் கலப்பதும் இதைத்தான். அதன் மேல் ஈரத்துணியைப் போட்டுத் தேய்த்தால் குழம்பாகி நெசவுக்குள் இறங்கிவிடும். ரெக்சினாக இருந்தால் நுண்ணிய கீறல் விழுந்து பளபளப்பு போய்விடும். வாக்யூம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பெயின்ட் அடிக்கும் 2 அங்குலப் பிரஷ், புதியதாக, ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காற்று ஊடே போகும்படி இரண்டு பக்கக் கதவையும் திறந்து, மேலிருந்து கீழாகத் தட்டி விடுங்கள். முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் இறங்கிய காலத்தில் ராயபுரத்தில் கொடியில் காயும் துணி ஒரு நாள் கறுப்பாகும், ஒரு நாள் சிவப்பாகும். 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் அது நின்று, சரக்கு எண்ணூருக்குப் போனது. ராயபுரத்துக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது, எண்ணூர்க்காரர்களுக்குப் பாரம் கூடியது. அத்திப்பட்டு, எண்ணூர் பக்கம் வண்டி நிறுத்துபவர்கள் இந்த உலர் சுத்தத்தை வாரம் ஒரு முறையாவது செய்ய வேண்டும்.

2. தண்ணீரை அளந்து எடுங்கள். சீட்டுக்கு அழுக்கைவிடப் பெரிய எதிரி தண்ணீர். மேல் துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், உள்ளே இருக்கும் ஃபோம் காயாது. ஒரு முறை வாட்டர் சர்வீஸ் ஒன்றில் விட்டபோது, பிரஷர் கன்னால் சீட்டின் மேலேயே அடித்துவிட்டார்கள். கார்த்திகை மாதம். நாலாம் நாள் வண்டிக்குள் ஊறவைத்த சாக்கு நாற்றம். பத்தாம் நாள் சீட் கவரைப் பிரித்தால் ஃபோம் முழுக்கக் கறுப்புப் புள்ளி, பூஞ்சணம். இரண்டு சீட்டின் ஃபோமையும் மாற்ற வேண்டியதாயிற்று. ஐந்து சீட்டுக்கும் சேர்த்து அரை பக்கெட் தண்ணீர் போதும். அதற்கு மேல் செலவானால் எங்கோ ஊறுகிறது என்று அர்த்தம்.

3. நேரம் பார்த்துத் தொடங்குங்கள். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் பத்துக்குள் துடைத்து முடிக்கலாம். உச்சிப் பொழுதை ஒட்டிக் கடல் காற்று ஏறிவிடும். உடம்புக்கு அது சுகம்தான், ஆனால் ஈரத்தையும் உப்பையும் சுமந்து வருகிற காற்று. அதற்குள் சீட் முக்கால்வாசி காய்ந்திருக்க வேண்டும். காற்று ஏறியதும் கண்ணாடியை ஒரு விரல் அளவு மட்டும் விட்டு மூடி, வண்டியை வெயிலில் நிறுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஈரச் சுத்தமே வேண்டாம், வாக்யூமோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

4. துணி சீட்டுக்கு நுரை மட்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம். நன்றாக அடித்து நுரை எழுப்பி, மேலே நிற்கும் நுரையை மட்டும் ஸ்பாஞ்சில் அள்ளுங்கள். ஒரு முழம் சதுரமாகப் பிரித்துக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்த்து, உடனே காய்ந்த துண்டால் அழுத்தி எடுங்கள். இழுத்துத் துடைக்கக் கூடாது, ஒற்ற வேண்டும். பிறகு வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் இரண்டு முறை. சோப்பு மிச்சம் இருந்தால் பிசுக்கு ஏறி, அடுத்த வாரச் சாம்பல் அதில் அப்படியே ஒட்டும். துணி துவைக்கும் பவுடர் வேண்டாம், அதன் காரம் எளிதில் போகாது.

5. ரெக்சினுக்குத் தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் கூடாது. ரெக்சினை வளையும்படி வைத்திருப்பது அதில் கலந்திருக்கும் ஒரு எண்ணெய்ப் பொருள். தின்னர் அதை உறிஞ்சி எடுத்துவிடும். துடைத்த அன்று புதுசு மாதிரி மின்னும், ஆறே மாதத்தில் விறைத்து வெடிக்கும். நான்காம் குறிப்பில் சொன்ன அதே நுரைதான் இதற்கும். சின்னச் சின்ன ஓட்டை போட்ட ரகமாக இருந்தால் திரவத்தை நேராகத் தெளிக்காமல் துணியில் தெளித்துத் துடையுங்கள். அந்த ஓட்டை ஒவ்வொன்றும் ஃபோமுக்குப் போகும் வழி.

6. சீட்டில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது உப்பு. வியர்வை உப்பாகவும் இருக்கும், கடல் உப்பாகவும் இருக்கும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் சில சீட்டுகள் எப்போது தொட்டாலும் நசநசவென்று இருக்கும். சோப்பு தேவையில்லை. வெறும் நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் இரண்டு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை. போர் தண்ணீரில் துடைக்காதீர்கள். நம் பகுதியில் பல போர்களில் உப்பு ஏறிப்போயிருக்கிறது, துடைத்த துணியே புது உப்பை விட்டுவிட்டுப் போகும். குடிக்கும் கேன் தண்ணீர் ஒரு சொம்பு போதும்.

7. கடற்கரை மண் ஈரமாக இருக்கும்போது தொடாதீர்கள். காய்ந்தால் தானாக உதிரும். கால்மிதியைக் காருக்குள் வைத்துத் தட்டாமல் வெளியே எடுத்துக் கவிழ்த்துத் தட்டுங்கள்.

8. மீன் வாடை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் மூன்று வாரம் தோற்ற விஷயம் இது. அண்ணன் மகள் வளைகாப்புக்குக் காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் வஞ்சிரமும் சங்கராவும் வாங்கி, தெர்மகோல் பெட்டியில் ஐஸ் போட்டு டிக்கியில் ஏற்றினோம். பெட்டி மூலையில் விரிசல். அடுத்த நாளே வாடை. பின் சீட்டை நுரை போட்டுத் துடைத்தேன், கார்பெட்டைத் துடைத்தேன், சென்ட் பாட்டில் வைத்தேன். வெயில் ஏறினால் மறுபடி அதே வாடை.

கடைசியில் பாயிடம் போனேன். அவர் சீட்டைத் தொடக்கூட இல்லை. "ஸ்டெப்னியத் தூக்கிப் பாத்தியாம்மா?" என்றார். பார்க்கவில்லை. டிக்கி கார்பெட்டைச் சுருட்டி, ஸ்டெப்னியைத் தூக்கினால், அடியில் இருந்த குழியில் விரல் மூட்டு அளவுக்குச் சாம்பல் நிறத் தண்ணீர், மேலே எண்ணெய்ப் படலம், நாலைந்து செதில். "இது இங்க கெடக்கிற வரைக்கும் நீ சீட்ட தொடச்சி இன்னா பிரயோஜனம்?" குழியின் நடுவில் இருந்த ரப்பர் மூடியை அடியிலிருந்து தள்ளிக் கழற்றி, தண்ணீரை வடித்து, கழுவி, காயவைத்துத் திரும்ப மூடினார். பாதி வாடை அங்கேயே போயிற்று.

மீதிப் பாதிக்குச் சமையல்கட்டு அறிவு போதும். மீன் கவிச்சுக்குக் காரணமான டிரைமெத்தில் அமீன் ஒரு காரப் பொருள். அமிலம் பட்டால் அது ஆவியாகாத உப்பாக மாறிவிடும், மூக்குக்கு வராது. மீனைப் புளித்தண்ணீர் விட்டு அலசுவதும், மீன் தொட்ட கையில் எலுமிச்சை தேய்ப்பதும் இதற்குத்தான். ஒரு பங்கு வெள்ளை வினிகர், நாலு பங்கு தண்ணீர். துணியை நனைத்துப் பிழிந்து கறை பட்ட இடத்தில் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் துடைத்துக் காயவிடுங்கள். வினிகர் வாடை காய்ந்ததும் போய்விடும். ஓரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பிளீச்சிங் பவுடரை இதோடு சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். மூடிய காருக்குள் அது ஆபத்து.

9. மீன் ரத்தம், கோழி ரத்தம், அடிபட்ட ரத்தம் எதுவானாலும் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் முட்டை வேகிற மாதிரி கறை நெசவிலேயே வெந்து உட்கார்ந்துவிடும்.

10. எண்ணெய், தார். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, கறுப்பு எண்ணெய் நம் கரையெல்லாம் ஒதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகம் வரை போயிற்று. வலை, படகு, வீட்டுச் சுவர் எதுவும் தப்பவில்லை. அந்த நாட்களில் வாளியால் எண்ணெயை அள்ளிய மீனவர்கள் உடம்பெல்லாம் அதைச் சுமந்தார்கள். அவர்களை ஆஸ்பத்திரிக்கோ வீட்டுக்கோ ஏற்றிப்போன வண்டியின் சீட்டில் கறை படியத்தான் செய்யும். சீட்டை அப்புறம் சுத்தம் செய்துகொள்ளலாம்.

முறை இதுதான். கட்டியாக இருப்பதை ஸ்பூனின் பின்பக்கத்தால் வழித்து எடுங்கள், ஓரத்திலிருந்து நடுவுக்கு. துணி சீட் என்றால் கடலை மாவோ முகப்பவுடரோ தூவி ஒரு மணி நேரம் விட்டு, உறிஞ்சியதும் வாக்யூம் செய்யுங்கள். ஒட்டிய தாரைக் கரைக்க எண்ணெய்தான் வேண்டும். பஞ்சில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டு ஒற்றினால் இளகி வரும். பஞ்சு கறுத்ததும் புதுப் பஞ்சு. கடைசியில் அந்த எண்ணெயைப் போக்கப் பாத்திரச் சோப்பு நுரை. மண்ணெண்ணெய் தாரைக் கரைக்கும், ஆனால் ஃபோமில் இறங்கினால் வாடை போகாது, தீப்பிடிக்கும் பயமும் உண்டு. வேண்டாம்.

11. தலைசாய்ப்பில் கறுத்த பளபளப்பு தலையில் வைக்கும் தேங்காய் எண்ணெய். பவுடர், பிறகு நுரை. தலைசாய்ப்புக்கு மட்டும் பழைய தலையணை உறை ஒன்று மாட்டிவிட்டால் வாரம் ஒரு முறை துவைத்துப் போடலாம்.

12. வடிவுடையம்மன் கோயிலுக்குப் போய் வந்தால் குங்குமம், மஞ்சள், விபூதி மூன்றும் சீட்டில் சிந்தும். விபூதி வாக்யூமில் போய்விடும். குங்குமத்தைத் தட்டவோ நனைக்கவோ கூடாது, செலோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் சாயமாகப் பரவும். மஞ்சள் கறையில் சோப்புக் காரம் பட்டதும் சிவப்பாக மாறும், பயப்பட வேண்டாம். அலசித் துடைத்துவிட்டு அந்த இடம் நேர் வெயிலில் படும்படி வண்டியை இரண்டு மூன்று நாள் நிறுத்துங்கள். மஞ்சளின் நிறம் வெயிலைத் தாங்காது, வெளுத்துவிடும்.

13. பால், டீ, குழந்தை வாந்தி. மணிக்கணக்கில் விட்டால் ஃபோமில் இறங்கிப் புளித்துவிடும். உடனே ஒற்றி எடுத்து, பச்சைத் தண்ணீரில் துடைத்து, காய்ந்த பிறகு ஆப்ப சோடாவைத் தூவி ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் வாக்யூம் செய்யுங்கள்.

14. சீட் பெல்ட்டை முழுதாக இழுத்து, உள்ளே ஓடிவிடாமல் மேலே ஒரு துணி கிளிப் போட்டுக்கொள்ளுங்கள். மிதமான சோப்புத் தண்ணீரில் துடைத்து, ராத்திரி அப்படியே விடுங்கள். ஈரத்தோடு உள்ளே போனால் சுருளில் பூஞ்சணம் பிடிக்கும். பிளீச், சாயம் இரண்டும் பெல்ட்டின் வலுவைக் குறைக்கும். ஓரம் நைந்திருந்தால் பெல்ட்டை மாற்ற வேண்டும், தைத்துப் போடக் கூடாது. நான் இதில் யாரோடும் சமரசம் பேசுவதில்லை.

15. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் கப்பலேறக் காத்திருக்கும் புதுக் கார்களின் சீட்டில் பாலித்தீன் உறை போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பயணத்துக்கு மட்டும். வீட்டுக்கு வந்த பிறகும் "புதுசாவே இருக்கட்டும்" என்று ஒரு வருடம் வரை கழற்றாமல் ஓட்டுபவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். உறைக்கும் சீட்டுக்கும் நடுவில் வியர்வை ஈரம் மாட்டிக்கொண்டு, உள்ளே துணி புள்ளி விழும். முதல் நாளே கிழித்துவிடுங்கள். வேண்டுமானால் பருத்தித் துண்டு விரியுங்கள். ஒர்க்ஷாப், துறைமுக வேலைக்குப் போகிறவர்கள் வண்டியில் இரண்டு துண்டு வைத்து, தினம் ஒன்று மாற்றினால் சீட்டின் ஆயுள் இரட்டிப்பாகும் என்று பாய் அடித்துச் சொல்வார்.

16. முன்பக்க இடது கால் வைக்கும் இடத்தில் கார்பெட் மட்டும் எப்போதும் ஈரமாக இருந்தால் கூரையையோ கதவையோ சந்தேகப்படும் முன் ஏசி தண்ணீர் வெளியேறும் குழாயைப் பாருங்கள். சாம்பலும் தூசியும் சேர்ந்து அடைத்திருக்கும். ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் சொட்டுகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். வீடு சேர இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது ஏசியை நிறுத்தி ஃபேனை மட்டும் ஓடவிட்டால் உள்ளே காய்ந்து புழுங்கல் வாடை வராது.

17. வாடைக்கு அந்துருண்டை போடாதீர்கள். வெயிலில் மூடிக் கிடக்கும் காரில் அதன் ஆவி நிறைந்துவிடும். தலைவலி, குமட்டல் வரும். ஜி6பிடி குறைபாடு உள்ள கைக்குழந்தைகளுக்கு அது ரத்த அணுக்களையே உடைக்கும். ஒரு துணிப் பையில் அடுப்புக்கரித் துண்டுகளைக் கட்டிச் சீட்டுக்கு அடியில் வையுங்கள். மாதம் ஒரு முறை வெயிலில் காயவைத்துத் திரும்ப வைக்கலாம்.

18. சீட் ரெயிலில் துரு. கடலோரத்தில் இது கட்டாயம் வரும். சீட்டை முழுக்கப் பின்னே தள்ளி முன்பக்க ரெயில், முழுக்க முன்னே தள்ளிப் பின்பக்க ரெயில் என்று காய்ந்த பிரஷ்ஷால் மண்ணை எடுங்கள். துரு தளர்த்தும் ஸ்பிரே கொஞ்சம் அடித்துத் துடைத்துவிட்டு, வெள்ளை கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். பழைய இன்ஜின் ஆயில் வேண்டாம். மண்ணைப் பிடித்து உப்புத்தாள் மாதிரி அரைக்கும், சீட் துணியிலும் கறை ஏறும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் இணைப்பு. அதைப் பிடுங்காதீர்கள், நனைக்காதீர்கள்.

19. தையல் விட்டுப்போனால் கிழியும்வரை காத்திருக்க வேண்டாம், இரண்டு விரல் நீளம் பிரிந்தவுடனே வீட்டிலேயே போடலாம். வேண்டியது ஒரு வளைந்த ஊசி, நைலான் நூல். பருத்தி நூல் வியர்வை உப்பில் ஒரே வருடத்தில் இற்றுப்போகும். நூலை மெழுகுவத்தியில் இரண்டு முறை இழுத்துக்கொண்டால் சிக்காது. பிரிந்த இடத்துக்கு அரை அங்குலம் முன்னாலேயே, இன்னும் கெட்டியாக இருக்கும் தையலில் ஆரம்பியுங்கள். பழைய ஓட்டையிலேயே ஊசி போக வேண்டும். இதுதான் முக்கியம். புது ஓட்டை போட்டால் தபால்தலைத் தாள் மாதிரி ரெக்சின் அந்த வரிசையில் கிழிந்து வரும்.

பாய் தைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இடது கட்டை விரலால் இரண்டு ஓரத்தையும் ஒன்றாக அழுத்தி, ஒரு ஓட்டை முன்னே போய், ஒரு ஓட்டை பின்னே வந்து, மறுபடி முன்னே. ஒவ்வொரு தடவையும் நூலை இழுத்துவிட்டு ஒரு நொடி நிறுத்துவார், ரெக்சின் சுருங்காமல் படிகிறதா என்று. "இழுக்கத் தெரிஞ்சவன் ஆயிரம் பேரு, நிறுத்தத் தெரியணும்" என்பார். முடிச்சு உள்பக்கம் போய்விடும். வெளியே பார்த்தால் மிஷின் தையலுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

ஒரே ஒரு இடத்தில் இந்தக் கைவேலை கூடாது. சீட் முதுகின் வெளிப்பக்க ஓரத்தில் ஏர்பேக் என்று எழுதிய சின்னத் துணிப் பட்டை இருந்தால், அந்தத் தையல் விபத்தில் பிரிவதற்கென்றே போட்டது. அதைக் கெட்டியாகத் தைத்தால் பை வெளியே வராது. அதே காரணத்தால் அந்தப் பக்கத்தை மூடும் சாதாரண சீட் கவரும் கூடாது.

20. ரெக்சின் கிழிசலுக்கு மேலே டேப் ஒட்டாதீர்கள், வெயிலில் பசை உருகி ஒழுகும். கிழிசலைவிடச் சுற்றிலும் ஒரு அங்குலம் பெரியதாகக் கெட்டித் துணி வெட்டி, சாமணத்தால் உள்ளே நுழைத்து விரியுங்கள். அதன் மேலும் ரெக்சினின் அடிப்பக்கத்திலும் ரப்பர் சொல்யூஷனை மெல்லியதாகத் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை பத்து நிமிடம் விட்டுப் பிறகு அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதுதான் பலர் செய்யும் தப்பு. மேலே கனமான புத்தகம் வைத்து ராத்திரி விடுங்கள். (ரப்பர் விஷயத்தில் நம் ஊருக்குப் பெருமை உண்டு. எம்.ஆர்.எஃப். 1946-இல் பலூன் செய்யும் சின்னக் கொட்டகையாகத் தொடங்கியது இதே திருவொற்றியூரில்தான்.)

21. டிரைவர் சீட்டின் வலது ஓரம்தான் முதலில் அமுங்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் மொத்தப் பாரமும் அதன் மேல். முழு ஃபோமையும் மாற்றச் சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். அமுங்கிய இடத்தை மட்டும் வெட்டி, கெட்டியான ஃபோம் துண்டு வைத்து ஒட்டினால் போதும். பழைய அம்பாசடர் சீட்டில் ஸ்பிரிங்கும் தேங்காய் நாரும் இருந்தன. நார் காற்றை விடும், சீக்கிரம் காயும். இப்போதைய ஃபோமில் அந்த வசதி இல்லை என்பதால்தான் இத்தனை தண்ணீர் எச்சரிக்கை.

22. கூரைத் துணி தொங்கினால் குண்டூசி குத்தி வைப்பது ஒரு மாதத்துக்குத்தான். துணிக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய ஃபோம் உப்புக் காற்றிலும் வெக்கையிலும் பொடியாகிவிட்டது என்பதே அதற்கு அர்த்தம். அந்தப் பொடியின் மேல் எந்தப் பசையும் நிற்காது. போர்டைக் கழற்றி, பொடி முழுவதையும் பிரஷ்ஷால் எடுத்துவிட்டு, ஃபோம் வைத்த புதுத் துணியை வெக்கை தாங்கும் பசையால் ஒட்ட வேண்டும். மர வேலைக்கான வெள்ளைப் பசை இங்கே உதவாது. ஓரத்தில் ஏர்பேக் இருக்கும் கார்களில் இது கடைக்காரர் வேலை.

23. வெள்ளத்தில் நின்ற கார். 2015-இலும் 2023-இலும் பட்டவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் வரிசை மறந்துபோகும். சாவியைத் திருப்பாதீர்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். எதையும் துடைக்கும் முன், தண்ணீர் ஏறிய கோடு தெரியும்படி உள்ளும் புறமும் போட்டோ எடுத்து, இன்ஷூரன்ஸுக்குத் தகவல் சொல்லுங்கள். பிறகு சீட்டை வெளியே எடுத்து, கார்பெட்டையும் அதன் அடியில் இருக்கும் கனத்த பஞ்சு விரிப்பையும் தூக்குங்கள். அந்த விரிப்புதான் வாரக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். வெறும் மழைத் தண்ணீர் என்றால் ஃபோமைப் பிழிந்து நிழல் காற்றில் காயவைத்துக் காப்பாற்றலாம். சாக்கடையோ எண்ணெயோ கலந்த தண்ணீர் என்றால் ஃபோமைத் தூக்கிப் போடுங்கள். குழந்தைகள் முகம் வைத்துத் தூங்கும் இடம் அது.

24. கடைக்குப் போகும்போது. ரெடிமேட் சீட் கவர் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழைய சீட் என்றால் புதுப்பேட்டை. புதுப்பேட்டையில் வாங்கினால் ரெயிலில் துருவையும், ஏர்பேக் வெடித்த சீட்டா என்பதையும் பாருங்கள். தையல், ஃபோம் வேலைக்கு நம் தெருக் குஷன் கடைதான் சரி. என்ன நூல், எந்த ஃபோம் என்று கேளுங்கள், ஒரு துண்டைக் கையில் வாங்கி அழுத்திப் பாருங்கள். கவரை ஃபிரேமோடு இழுத்துப் பிடிக்கும் சின்னக் கம்பி வளையங்களை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் டை போடுகிறார்களா என்று கவனியுங்கள், டை கொஞ்ச நாளில் தளர்ந்துவிடும். முடிந்தால் வேலை நடக்கும்போது பக்கத்தில் இருங்கள். நல்ல வேலைக்காரர் அதை விரும்புவார், ஒரு டீயும் சொல்வார்.

சீட்டைத் திரும்ப மாட்டியதும் நான்கு போல்ட்டையும் கையால் அசைத்துப் பாருங்கள். சீட்டை முன்னும் பின்னும் ஓட்டி, பெல்ட்டை ஒரு முறை மாட்டிக் கழற்றுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து, டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். அணைந்த பிறகு பணம் கொடுங்கள்.